எட்டாவது பைப் எதற்கு?

வாரத்துக்கு ஏழு நாள், ஆகவே ஏழு பைப். புகைபிடிக்கும் பைப் செய்யும் இங்கிலாந்தின் பழைய நிறுவனங்கள் இந்தக் கணக்கை வைத்தே ஒரு பெட்டியைத் தயாரித்து விற்றன. வெளியே தோல், உள்ளே வெல்வெட். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என ஏழு பைப்புகள் அதில் தத்தம் பள்ளத்தில் படுத்திருக்கும். வசதி படைத்தவர்களுக்கான பெட்டிதான். ஆனாலும் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. புகையிலை எரியும்போது ஈரம் கசியும். மரக்கிண்ணம் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாளாவது காயவிடாமல் அதே பைப்பை மறுபடி நிரப்பினால் கசப்பும் வாடையும் ஏறிவிடும். மாற்றி மாற்றிப் பிடிக்க ஏழு இருந்தால் தாராளம். ஒழுங்காகத் துடைத்து வைத்தால் அந்த ஏழும் உடையவரின் ஆயுளைத் தாண்டியும் உழைக்கும்.

அப்படியிருக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைப் சேகரிப்பவர்களின் வீடுகளில் ஐம்பது, நூறு, முந்நூறு என்று பைப்புகள் சேர்ந்துவிடுகின்றன. அவர்களே இதற்கு ‘பைப் வாங்கும் கோளாறு’ என்று பெயர் வைத்து, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘பேட்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். சம்பாதிக்கும் வயதில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மாதாமாதம் ஒரே தொகை ஓய்வூதியமாக வருகிற எழுபது வயதில், மருந்துச் செலவும் ஏறிக்கொண்டே போகும்போது, சிரித்துவிட்டுப் போக முடியாது.

பேனா, கைக்கடிகாரம், கேமரா, இசைத்தட்டு என்று எதைச் சேர்ப்பவருக்கும் இந்த நிலை வரும். பைப்பை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், எத்தனை இருந்தால் போதும் என்பது அதில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. தெரிந்தும் கை நீள்கிறது. ஏன் நீள்கிறது என்பதிலிருந்துதான் எப்படி நிறுத்துவது என்பதற்கு வர முடியும்.

ஒரு மரக்கட்டையில் அப்படி என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பெரும்பாலான நல்ல பைப்புகள் பிரையர் என்ற மரத்தில் செய்யப்படுகின்றன. ‘எரிக்கா ஆர்போரியா’ என்பது அந்தச் செடியின் தாவரவியல் பெயர். மத்தியதரைக் கடலோரத்தில், இத்தாலியின் கலாப்ரியா, பிரான்சின் கோர்சிகா தீவு, கிரீஸ், அல்ஜீரியா போன்ற இடங்களின் வறண்ட சரிவுகளில் வளர்வது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள், அது ஒரு கணுவைத் திரட்டிக்கொள்ளும். காட்டுத்தீ வந்து மேலே எல்லாம் கருகிப் போனாலும் அந்தக் கணுவிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். நெருப்பைத் தாங்கிப் பிழைப்பதற்காக இயற்கை உண்டாக்கிய அந்தக் கட்டையைத்தான் மனிதன் குடைந்து உள்ளே நெருப்பை வைக்கிறான். பைப்புக்குத் தேவையான அளவு கணு பருக்க முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். தோண்டி எடுத்தபின் வெடிக்காமல் ஈரமாக வைத்திருந்து, அறுத்து, மணிக்கணக்கில் வெந்நீரில் கொதிக்கவிட்டுச் சாறு நீக்கி, பிறகு மாதக்கணக்கில் மெல்ல உலர்த்துகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, கடையும்போது உள்ளே ஒரு சிறு குழியோ விரிசலோ தென்பட்டால் கட்டை தரம் இறங்கிவிடும். குற்றமில்லாத கட்டையில், கீழிருந்து மேலாகச் சீரான கோடுகள் ஓடும்படி அமைவது அபூர்வம். சேகரிப்பாளர் விலை கொடுப்பது அந்த அபூர்வத்துக்கு.

பிரையரைப் பைப்பாக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் க்ளோட் என்ற சிற்றூரில் வேர்பிடித்தது. மடாலயம் இருந்த ஊர் அது. யாத்ரிகர்களுக்கு மரத்தில் ஜெபமாலையும் சிறு பொருள்களும் கடைந்து விற்று வாழ்ந்த தொழிலாளிகளிடம் கைத்திறன் ஏற்கெனவே இருந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே பைப் கடைந்தார்கள். இன்று பட்டறைகள் மிகச் சில. அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.

பிரையர் ஒன்றுதான் என்றில்லை. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியெடுக்கும் மீர்ஷாம் என்ற வெண்மையான, மிக இலேசான கனிமத்தில் முகங்களும் பூக்களும் செதுக்கிப் பைப் செய்கிறார்கள். பிடிக்கப் பிடிக்க அது தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். வியன்னாவின் செதுக்குக் கலைஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதில் கொடிகட்டிப் பறந்தார்கள். எதிர்க்கோடியில் சோளத்தண்டுப் பைப். தானியம் உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் தண்டைக் குடைந்து செய்வது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869இல் ஹென்றி டிப்பி தொடங்கிய இந்தத் தொழில் அங்கே இன்றும் நடக்கிறது. தண்டின் சொரசொரப்பைச் சுண்ணச் சாந்தால் பூசி மெழுகும் முறைக்கு அவர் 1878இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1945 ஆகஸ்ட் 30 அன்று ஜப்பானின் அட்சுகி விமானதளத்தில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் வாயில் கவ்விக்கொண்டு இறங்கியது இந்தச் சோளத்தண்டுப் பைப்பைத்தான். ஜப்பானின் சரணாகதியை ஏற்க வந்த தளபதியின் வாயில் இருந்தது, மலிவான சோளத்தண்டில் செய்த சரக்கு.

விலையின் மறுமுனை லண்டனிலும் கோபன்ஹேகனிலும் இருக்கிறது. 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், சில ஆண்டுகளில் சொந்தமாகப் பைப் செய்யத் தொடங்கி, குழலின் மேல்புறத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி பதித்தார். எது மேல், எது கீழ் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவதற்காக வைத்த புள்ளி, பிறகு அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. சுவீடனில் பிறந்து டென்மார்க்கில் வாழ்ந்த சிக்ஸ்டன் ஈவர்சன் (1910–2001), பைப் பழுதுபார்ப்பவராகத் தொடங்கியவர். கட்டையின் ரேகை எப்படி ஓடுகிறதோ அதற்கேற்ப வடிவம் கொடுத்தார். அவர் கைப்பட்ட பைப் ஒன்று இன்று பல ஆயிரம் டாலருக்குப் போகும்.

வாங்குபவரை விடாமல் இழுக்கிற இன்னொன்று, பைப்பின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் முத்திரை. டன்ஹில் பைப்புகளில் ஒரு சிறு எண் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அது செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லிவிடும். டப்ளின் நகரத்துப் பீட்டர்சன் பைப்பில் நாட்டின் பெயரே காலத்தைக் காட்டும். ‘ஐரிஷ் சுதந்திர அரசு’ என்றிருந்தால் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்டது. ‘அயர்லாந்துக் குடியரசு’ என்றிருந்தால் 1949க்குப் பிந்தியது. வெள்ளிப் பூண் போட்டதாக இருந்தால், நம் நகைகளின் ஹால்மார்க் போல ஒரு முத்திரையும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் அதிலேயே இருக்கும். அழுக்கேறிய பழைய பைப் ஒன்றைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து, இது 1930களில் செய்தது என்று கண்டுபிடிக்கும் கணத்தின் மகிழ்ச்சி உண்மையானது. அதை அசட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு இந்தக் கட்டுரைக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சி கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பணம் போவதோ வாங்குவதில். வயதானவர்களின் சிக்கலே இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான். வேலைக்குப் போன காலத்தில் வாரம் ஒருமுறை கிடைத்த ஓய்வு, பணி முடிந்தபின் நாள் முழுதும் கிடைக்கிறது. தேடுவதற்கு நேரம் பெருகுகிறது, நண்பர்கள் குறைகிறார்கள், பார்சல் வருவதே வாரத்தின் பெரிய நிகழ்ச்சியாகிவிடுகிறது. விலையும் ஏமாற்றும். ஒரு பைப் நூறு டாலர்தானே என்று தோன்றும். அதன்பின் அஞ்சல் கட்டணம், சுங்கவரி, குழல் பழுது, பைப்பை நிறுத்தி வைக்கத் தாங்கி, சுத்தம் செய்யும் சாமான்கள் என்று வரிசையாக வந்து நிற்கும்.

ஒன்று வாங்கினால் அதற்குத் துணையாக இன்னொன்று கேட்கும் இந்த இயல்பைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதெரோ 18ஆம் நூற்றாண்டிலேயே தன் அனுபவமாக எழுதிவைத்தார். அவருக்கு ஒரு புதிய சிவப்பு அங்கி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பழைய வைக்கோல் நாற்காலி பொருந்தவில்லை. தோல் நாற்காலி வந்தது. பிறகு மேசை மாறியது, சுவரில் இருந்த படங்கள் மாறின. பழைய அங்கியைத் தூக்கிப் போட்டதற்காக வருந்தி அவர் எழுதிய கட்டுரையை வைத்து, இந்தச் சங்கிலிக்கு ‘திதெரோ விளைவு’ என்று 1988இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் பெயர் கொடுத்தார்.

‘விலைக்கு விலை கிடைத்துவிடும், இது முதலீடு’ என்பது சேகரிப்பாளர் வீட்டில் சொல்லும் இன்னொரு சமாதானம். பெரும்பாலான பைப்புகளுக்கு இது பொருந்தாது. ஈவர்சன் போன்ற சில கைவினைஞர்களின் படைப்புகள் விலையேறியது உண்மை. தொழிற்சாலையில் செய்த சாதாரண பைப், ஒருமுறை புகை பட்டதும் பழைய சாமான்தான். காலமும் எதிராக நிற்கிறது. பிரிட்டனில் 1960களிலிருந்து ‘ஆண்டின் சிறந்த பைப் பிரியர்’ என்று விருதே கொடுத்தார்கள். பிரதமர் ஹரால்டு வில்சன் வாங்கியிருக்கிறார். 2003இல் நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை பெற்றதோடு அது நின்றுபோனது. பைப் பிடித்த தலைமுறை மறையும்போது அவர்களுடைய பைப்புகள் எல்லாம் சந்தைக்கு வருகின்றன. வாங்கப் புதிதாக வருபவர்கள் குறைவு. இந்த நிலையில் எழுபது வயதுக்காரர் தன் சேகரிப்பைப் பிள்ளைகளுக்கான சேமிப்பு என்று நினைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

தன்னுடைய பொருளுக்குத் தானே கூடுதல் விலை போடுவது மனித இயல்பு. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்டு தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் குவளை கொடுத்து, விற்கிறீர்களா என்று கேட்டார்கள். குவளை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிடங்கள் கையில் இருந்த குவளைக்கே இப்படியென்றால், முப்பது ஆண்டு துடைத்துத் துடைத்து வைத்த பைப்புக்கு அதன் சொந்தக்காரர் மனத்தில் என்ன விலை இருக்கும்?

புகையிலையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பைப் புகை சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வர அதுவும் காரணம். பைப் பிடிப்பவர்களிடம் உதட்டுப் புற்று அதிகம் என்பதை ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் சோம்மெரிங் 1795இலேயே குறித்திருக்கிறார். வயது ஏற ஏற இதயமும் நுரையீரலும் தாங்கும் சக்தி குறையும். இதில் பணக்கணக்கும் சேர்கிறது. ஒருமுறை நிரப்ப சுமார் 3 கிராம் புகையிலை ஆகும். நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 1 கிலோவுக்குச் சற்று மேல். 50 கிராம் டப்பாவில் 22. அமெரிக்காவில் 2016இல் பைப் புகையிலையும் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, பிடித்த கலவை நின்றுவிடுமோ என்ற பயத்தில் அலமாரி நிறையச் சேர்த்தவர்கள் உண்டு. 400 டப்பா அடுக்கி வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர், தன் 88 வயது வரைக்கும் தினமும் பிடிப்பதற்கான விஷத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். வெட்ட வேண்டிய முதல் செலவு இதுதான்.

புகையை விட்டால் பைப்பையும் விட வேண்டும் என்று இல்லை. ஐன்ஸ்டைன் தீவிரமான பைப் பிரியர். மருத்துவர் சொல்லிப் புகையை நிறுத்திய பிறகும் வெறும் பைப்பைக் கவ்விக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த அவருடைய பைப் ஒன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் விலையுயர்ந்த மரமோ பெரிய கைவினைஞரின் முத்திரையோ தேடி யாரும் வருவதில்லை.

கட்டுப்பாட்டோடு சேகரிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: எல்லையைக் கடைக்குப் போகும் முன்பே போட்டுவிடுகிறார்கள். சிலர் ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இன்னும் கறாரானவர்கள், பழையதை விற்று வந்த பணத்தில் மட்டும்தான் புதியது என்பார்கள். ஓய்வூதியத்தில் கை வைக்காத இந்த முறைதான் வயதானவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஒரு பொருளைப் பார்த்ததும் வாங்காமல் ஒரு மாதம் தள்ளிப்போடுவதும் பலன் தரும். மாதம் முடிவதற்குள் பாதி ஆசைகள் தாமே அடங்கிவிடும்.

சேகரிப்பின் பரப்பைச் சுருக்குவது இன்னொரு வழி. தான் பிறந்த ஆண்டில் செய்யப்பட்ட பைப்பைத் தேடுவது டன்ஹில் பிரியர்களிடையே வழக்கம். ஆண்டைக் காட்டும் எண் இருப்பதால் அது முடியும். தேடல் ஆண்டுக்கணக்கில் நீளலாம், வாங்குவதோ ஒன்றே ஒன்று. வேறு சிலர் வாங்குவதைக் குறைத்துப் பழுதுபார்ப்பதில் இறங்குகிறார்கள். வெயிலிலும் காற்றிலும் பட்டுப் பச்சை பூத்துப்போன கருங்குழலைத் தேய்த்து மெருகேற்றுவது, கிண்ணத்துக்குள் படிந்த கரியைச் சுரண்டுவது, ஆடும் பூணை இறுக்குவது ஆகியவற்றுக்குப் பொறுமை வேண்டும். ஓய்வு பெற்றவரிடம் அதுதான் நிறைய இருக்கிறது. நண்பர்களின் பைப்பை வாங்கிச் சீர்செய்து திருப்பிக் கொடுத்தால் கை வேலையும் ஆயிற்று, பேச்சுத்துணையும் ஆயிற்று.

மிகக் குறைந்த செலவில் சேகரிக்க வழி வேண்டுமென்றால் லண்டனின் தேம்ஸ் நதியைப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே களிமண் பைப் புழக்கத்தில் இருந்தது. விலை மலிவு, உடைந்தால் ஆற்றில் எறிந்துவிடுவார்கள். நீர் வற்றும் வேளையில் அந்தத் துண்டுகள் இன்றும் சேற்றில் தலைகாட்டுகின்றன. துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இருந்தால் போய்த் தேடலாம். இந்தத் துண்டுகள் வெறும் குப்பை இல்லை. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954இல், குழல் துளையின் அகலத்தை அளந்தே காலத்தைக் கணிக்க முடியும் என்று காட்டினார். 1600 வாக்கில் அங்குலத்தில் 64இல் 9 பங்காக இருந்த துளை, 1800ஐ நெருங்கும்போது 64இல் 4 பங்காகச் சுருங்கியிருந்தது. துளையை அளக்க ஒரு செட் துளையாணியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், பணம் கொடுத்து வாங்கிய பைப்பைவிட அதிகமாக இந்தத் துண்டுகள் பேசும்.

செலவைக் குறைப்பது பாதி வேலைதான். இருப்பதை என்ன செய்வது என்பது மீதி. பைப்பின் மதிப்பில் பெரும்பகுதி அதைப் பற்றிய அறிவில் இருக்கிறது. முத்திரையைப் படிக்கத் தெரிந்தவர் போய்விட்டால், மகனுக்கும் மருமகளுக்கும் அது கரிபிடித்த மரக்கட்டை. ஆயிரம் டாலர் பைப்பும் பத்து டாலர் பைப்பும் ஒரே அட்டைப்பெட்டியில் பழைய சாமான் கடைக்குப் போகும். இது ஏமாற்றமாக முடிவதற்கு முன், அந்த அறிவை எழுத்தில் இறக்கி வைக்க வேண்டியது சேகரித்தவரின் கடமை.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் பிராகு அதைச் செய்தார். உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் பைப்புகளைத் திரட்டியவர். புகையிலை தொடர்பான தன் நூல்களையும் சேகரிப்பையும் 1880இல் அச்சிட்ட அட்டவணையாக வெளியிட்டார். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் நூல்களையும் திரட்டி, உயிரோடு இருக்கும்போதே பிறந்த ஊரான பர்மிங்காமின் நூலகத்துக்குக் கொடுத்தார். அது 1879 தீ விபத்தில் எரிந்துபோனது துரதிர்ஷ்டம். 1884இல் அவர் இறந்தார். அவரிடம் இருந்த பைப்புகளில் சில இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், அவர் பெயர் குறிக்கப்பட்டு இருக்கின்றன.

அங்கியைப் பற்றி எழுதிய திதெரோவோ இன்னும் சாமர்த்தியமாகத் தன் சேகரிப்பை விற்றார். மகளின் சீதனத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது, ஆயுள் முழுதும் சேர்த்த நூலகத்தை விற்க முன்வந்தார். 1765இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 15,000 லிவருக்கு அதை வாங்கினார். திதெரோ உயிரோடு இருக்கும்வரை நூல்கள் அவரிடமே இருக்கலாம் என்று சொல்லி, அவற்றைப் பார்த்துக்கொள்ள அவருக்கே சம்பளமும் கொடுத்தார். திதெரோ 1784இல் இறந்தபின்தான் நூல்கள் ரஷ்யாவுக்குப் போயின. எல்லோருக்கும் ஒரு பேரரசி கிடைக்க மாட்டார். ஆனால் இந்தப் பைப் என் காலத்துக்குப் பிறகு உனக்கு என்று பேரனிடமோ இளைய நண்பரிடமோ இன்றே சொல்லி, அதுவரை தானே துடைத்து வைத்துக்கொள்ள யாராலும் முடியும். அரிதானவற்றைத் தெரிந்தவர்கள் மூலம் இப்போதே விற்றுவிட்டால், நியாயமான விலையும் கிடைக்கும்.

பைப் இல்லை, எங்கள் வீட்டில் இருப்பது நாணயம், தபால்தலை, பேனா என்று சொல்லும் வாசகர்களுக்கும் இது பொருந்தும். ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு பொருள். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, அடையாளம் என்ன, இன்று என்ன போகும், யாரிடம் விற்கலாம், யாருக்குத் தர விருப்பம் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்துக் காட்டிக்கொண்டே எழுதினால் இன்னும் நல்லது. கடைசிப் பக்கம் வரும்வரை புதிதாக எதையும் வாங்காதீர்கள்.